சுவர்க் கலண்டருக்கு நாமே படம் எடுப்போம்



ஒவ்வொரு தை மாதமும் எமது வீட்டுக் குசினிச் சுவரில் புதிய கலண்டர் ஒன்று ஏறுகின்றது. மளிகைக் கடை தந்தது, நகைக் கடை தந்தது, காப்புறுதி முகவர் தந்தது என்று இரண்டு மூன்று சேர்ந்துவிடுவதும் உண்டு. அவற்றில் நல்லூர்த் தேர் இருக்கும், மதுரைக் கோபுரம் இருக்கும், ஓவியர் வரைந்த சரஸ்வதி இருப்பார். எல்லாம் அழகான படங்களே. ஆனால் நாம் வெள்ளிதோறும் பனியில் வாகனத்தை நிறுத்திவிட்டு, குளிர் அங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு உள்ளே போய்க் கும்பிடுகின்ற ஆலயம் அவற்றில் எதிலும் இல்லை. ஆலயக் கலண்டருக்கு நாமே படம் எடுக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். எப்படி எடுப்பது என்பதே இம்முறைப் பாடம். கைத்தொலைபேசியில் எடுப்பவர்களையும் பெரிய கமரா வைத்திருப்பவர்களையும் சேர்த்தே இதை எழுதுகின்றோம்.

முதலில் சிறிது வரலாறு. வண்ணத் தெய்வப் படங்கள் எம்மவர் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தது அச்சு இயந்திரத்தின் வழியாகத்தான். ஓவியர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சு அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வரைந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் மலிவான தாளில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தனர். பின்னாளில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்களைச் சிவகாசி அச்சகங்கள் கலண்டர்களாக அடித்துக் குவித்தன. கொண்டைய ராஜு நாடகக் கொம்பனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அந்நாளைய கலண்டர்களில் சுவாமிக்குப் பின்னால் மலையும் ஏரியும் தாமரையும் மேடைத் திரை போல விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊரிலே வருட முடிவில் அந்தப் படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டுச் சாமி அறையில் மாட்டுவார்கள். கலண்டருக்கு ஆயுள் ஒரு வருடம், படத்துக்கு முப்பது வருடம்.

ஓவியர் தமக்கு வேண்டாததை வரையாமல் விட்டுவிடலாம். கமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. ரொறன்ரோப் பகுதியில் உள்ள எமது ஆலயங்கள் பல, முன்பு களஞ்சியமாகவோ தொழிற்கூடமாகவோ இருந்த கட்டடங்களில் அமைந்தவை. அம்பாள் உள்வீதி வரும்போது பின்னால் வெளியேறும் வழியைக் காட்டும் பலகை ஒளிரும். தூணருகே தீயணைப்புக் கருவி தொங்கும். உண்டியலுக்கு மேலே நாலு அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். கும்பிடும்போது இவை எம் கண்ணில் படுவதில்லை, மனம் அம்பாளிடம் இருக்கின்றது. படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதோ முதலில் தெரிவது அந்தப் பலகைதான். எனவே பொத்தானை அழுத்துமுன் படத்தின் நாலு மூலைகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தாலே தூண் அந்தப் பலகையை மறைத்துவிடும்.

எல்லாவற்றையும் மறைக்கச் சொல்கின்றோம் என்று நினைக்க வேண்டாம். எமது தேர் ஓடும் வீதி ஒரு வாகனத் தரிப்பிடம். அதன் மஞ்சள் கோடுகளின் மேல்தான் நாம் மாவிலை கட்டி, கோலம் போட்டு, தேங்காய் உடைக்கின்றோம். செருப்பு வைக்கும் தட்டில் பனி உருகிச் சொட்டும் சப்பாத்துகள் ஐம்பது சோடி நிற்கும். இவற்றைப் படத்திலிருந்து துடைத்துவிட்டு, ஊர்க் கோயில் போலத் தோன்றும்படி எடுக்கச் சிலர் பெரும்பாடு படுகின்றார்கள். எமக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கோடும் கோலமும் சேர்ந்ததுதான் கோயில். எழுத்து உள்ள எதையும் படத்திலிருந்து விலக்குங்கள், ஏனெனில் கண் எழுத்தை வாசிக்கப் போய்விடும். இடத்தைக் காட்டும் மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

எப்போது எடுப்பது?

பலர் கவனியாமல் விடுவது இதைத்தான். டிசம்பர் நடுப்பகுதியில் கலண்டர் அடியார்கள் கைக்கு வரவேண்டுமானால், நவம்பர் தொடக்கத்தில் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒக்ரோபர் தொடக்கத்தில் படங்கள் தெரிவாகியிருக்க வேண்டும். அப்படியானால் நவராத்திரி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, திருவெம்பாவை ஆகியவற்றின் படங்கள் முந்திய ஆண்டிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சித்திரையில் கூட்டம் கூடி, ஆடியில் தேரைப் படமெடுத்து, புரட்டாதியில் கொட்டிப் பார்த்தால் தேர்ப் படம் நாற்பது இருக்கும், மார்கழிக்கு ஒன்றும் இராது. அடுத்த கலண்டருக்கு அடுத்துவரும் கார்த்திகையிலேயே எடுக்கத் தொடங்குங்கள்.

ஒரு ஆங்கில மாதத் தாளில் இரண்டு தமிழ் மாதங்கள் பாதி பாதியாக வரும். ஜனவரித் தாளுக்கு மார்கழியா, தையா என்றால் பொங்கல் இருப்பதால் தையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஏப்ரலுக்கு வருடப்பிறப்பு, ஜூலைக்கு ஆடிப்பிறப்புக் கூழ், இப்படிப் பொருத்திக்கொண்டு போகலாம். திருவிழா நாட்களை ஊர்க் கலண்டரைப் பார்த்து மட்டும் குறித்து வைக்க வேண்டாம். ரொறன்ரோ நேரம் யாழ்ப்பாணத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்கின்றது. ஆகையால் ஒரு திதி இங்கே முதல்நாளே வந்துவிடக்கூடும். ஆலய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு கமராவைத் தூக்குங்கள்.

பன்னிரண்டு தாளும் பன்னிரண்டு திருவிழாவாக இருக்க வேண்டியதில்லை. மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குருக்கள் தனியே நின்று பூசை செய்கின்றார். வந்திருப்பது மூன்று பேர். ஒருவர் வேலைச் சீருடையோடு வந்து, கும்பிட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடப் போகின்றார். தேர்க் கூட்டத்தைவிட இந்தப் படத்தின் முன்தான் பார்ப்பவர் அதிக நேரம் நிற்பார்.

அளவும் தரமும்

கனடாவில் வழக்கமான சுவர்க் கலண்டரின் படப் பக்கம் 11 அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் உடையது. தெளிவாக அச்சாக ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அதாவது 3300க்கு 2550 பிக்சல். இன்றைய கைத்தொலைபேசிகளில் பரவலாக உள்ள 12 மெகாபிக்சல் கமரா 4032க்கு 3024 தருகின்றது. ஆகவே தொலைபேசிப் படம் அச்சுக்குப் போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போதாமல் செய்வது நாம்தான்.

எப்படியென்றால், முதலாவது, தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுக்கின்றோம். கலண்டர்ப் படமோ படுக்கையானது. நிமிர்ந்த படத்தைப் படுக்கையாக வெட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் குப்பைக்குப் போகும். சுவாமியின் திருமுடி போகும், அல்லது பாதம் போகும். தொலைபேசியைச் சரித்துப் பிடியுங்கள். இரண்டாவது, நின்ற இடத்தில் நின்றுகொண்டு விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்குகின்றோம். பல தொலைபேசிகளில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே ஒழிய கிட்டப் போவது அல்ல. மூன்றாவது, எடுத்ததை வட்ஸ்அப்பில் படமாக அனுப்புகின்றோம். அது வழியிலேயே சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது, மின்னஞ்சலும் நல்லது. திரையைப் பிடித்த படமும், அழகூட்டும் வடிகட்டிகளும் வேண்டவே வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும் வசதியும் அப்படித்தான். பூமாலையின் விளிம்பையும் காவடியின் மயிலிறகையும் அது கடித்துத் தின்றுவிடும்.

கலண்டரை மனிதர் ஆறடி தள்ளி நின்று, தேநீர் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். அதனால் படத்தில் ஒரு பொருள் பெரிதாக இருக்க வேண்டும். எடுத்த படத்தைத் தொலைபேசியில் தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் என்னவென்று விளங்கினால் அது சுவருக்கு ஏற்றது.

உள்ளே வெளிச்சம்

மண்டபத்தில் மேலே வெள்ளை ரியூப் லைற், சந்நிதியில் மஞ்சள் மின்குமிழ், நடுவில் தீபம். மூன்றும் மூன்று நிறம். கமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கின்றதோ அதற்கேற்ப மற்றவை நீலமாகவோ மஞ்சளாகவோ திரியும். முகத்தின் நிறம் சரியாக வரும்படி வையுங்கள். சுவர் எந்த நிறமானாலும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. வேகமான ஷட்டர் வைத்தால் சில மின்விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். இந்நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று என்பதால், பெரிய கமராக்காரர் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு அல்லது நூற்றிருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை பெரும்பாலும் மறையும்.

பிளாஷ் வேண்டாம். வெள்ளிக் கவசத்திலும் பளிங்குத் தரையிலும் பட்டு அது வெள்ளைத் திட்டாகத் திரும்பி வரும். மந்திரம் சொல்லுகின்றவருக்கும் கண்மூடி நிற்கின்றவர்களுக்கும் அது இடைஞ்சல். கருங்கல் மூர்த்தியும் தீபமும் ஒரே படத்தில் வரும்போது கமரா கருமையைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். தொலைபேசித் திரையில் சுடரின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். சுடர் சுடராகத் தெரியும். இருள் இருளாகவே இருக்கட்டும், கருவறை அப்படித்தானே இருக்கின்றது.

தீபாராதனை நேரத்தில் மிக அழகானவை கும்பிடும் முகங்கள். ஆனால் அதற்காகச் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுவில் நிற்பது முறையல்ல. பக்கத் தூணோடு ஒதுங்கி நின்றால் முகங்களில் தீப ஒளி ஒரு பக்கமாக விழும், படமும் அதனால் சிறக்கும். மூலவரைப் படம் எடுப்பதைப் பல ஆலயங்கள் அனுமதிப்பதில்லை. குருக்களைக் கேட்காமல் கமராவைச் சந்நிதிப் பக்கம் திருப்ப வேண்டாம்.

தேரும் பனியும்

தேர் உயரமானது, கலண்டர்ப் படம் அகலமானது. கிட்ட நின்று எடுத்தால் சில்லு வரும், கலசம் வராது. பின்னால் போங்கள். தேரை ஒரு பக்கத்தில் வைத்து, வடம் பிடிக்கும் வரிசையைப் படத்தின் அகலத்துக்கு நீளவிடுங்கள். வடத்தின் பாரத்தில் சாய்ந்திருக்கும் தோள்கள், வெறுங்கால்கள், நடுவில் புகுந்து பிடிக்கும் சிறுவன் எல்லாம் அப்போது கிடைக்கும். தேர் திரும்பும் மூலையில் முன்கூட்டியே போய் நில்லுங்கள், அங்கேதான் அது சற்று நிற்கும். கோடையில் ரொறன்ரோவில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பிற்பகல் 1.20 மணியளவில். அந்நேரம் முகங்களில் கண்ணுக்குப் பதில் கருநிழல் இருக்கும். காலை பத்து மணிக்குள் புறப்பாடு என்றால் நல்ல படம் நிச்சயம். புறப்பாடு பிந்தினால் நிழலில் நிற்பவர்களைப் படமெடுங்கள். மோர்ப்பந்தலடி எப்போதும் கைவிடாது.

பனிக்காலத்துக்கு வேறு பாடம். வெண்பனியைக் கமரா சாம்பலாக்கும். அதற்கு இங்கே எதிர்மாறாக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும், அதை உட்பையில் உடம்போடு வைத்திருங்கள். வெளியே அரை மணித்தியாலம் நின்ற கமராவை அபிஷேக ஈரமும் கற்பூரச் சூடும் நிறைந்த மண்டபத்துக்குள் நேரே கொண்டுபோனால் வில்லையிலும் உள்ளேயும் நீர் படியும். வெளியிலேயே அதை நெகிழிப் பைக்குள் இட்டு இறுக மூடி, உள்ளே கொண்டுபோய், நன்றாகச் சூடேறிய பின் திறக்க வேண்டும். நீர் பையின் மேல் படியும், கமராவில் அல்ல. மார்கழியில் இங்கே சூரியன் உதிக்க ஏழே முக்கால் மணி ஆகிவிடும். திருவெம்பாவைக்கு வருகின்றவர்கள் கும்மிருட்டில் வருகின்றார்கள். கதவு திறக்கும்போது உள்ளிருந்து மஞ்சள் ஒளி பனியில் நீளமாக விழும், அதில் சேலைக்கு மேல் குளிர் அங்கி அணிந்த ஒரு அம்மா. டிசம்பர்த் தாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யாரை எடுப்பது?

வழமையாகக் கலண்டர்களில் இடம்பெறுவோர் மாலை போட்டு நிற்கும் பெரியவர்களும், பட்டுப் பாவாடைப் பிள்ளைகளும். நிருவாக சபையினரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஆலயம் நடப்பது மடைப்பள்ளியில் அதிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டுகின்றவராலும், வியாழன் மாலை மாலை கட்டுகின்ற அம்மாமாராலும், எல்லோரும் போன பின் மண்டபத்தைக் கூட்டுகின்றவராலும். இவர்கள் எங்கும் படத்தில் வருவதில்லை, ஏனெனில் படம் எடுக்கும் நேரத்தில் இவர்களுக்கு வேலை இருக்கின்றது. 1980களிலும் 1990களிலும் வந்து இந்த ஆலயங்களைக் கட்டியெழுப்பிய தலைமுறையினர் பலருக்கு இன்று எழுபது எண்பது வயது. மாலை கட்டும் அந்த விரல்களை இவ்வருடம் எடுக்காவிட்டால், பிறகு எடுக்க அவை இருக்குமா என்பது தெரியாது.

எடுக்கும்போது அவர்களோடு தரையில் இருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் தலை உச்சிதான் வரும். ஜன்னல் பக்கம் முகம் இருக்கும்படி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கை வேலை செய்யவிட்டு எடுங்கள். “இங்கே பாருங்கோ” என்று சொன்னவுடன் முகம் கல்லாகிவிடும். மடைப்பள்ளியில் அண்டாவுக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கும் பக்கமாக நின்றால் ஆவி வெள்ளையாக எழும்புவது தெரியும். வில்லையைத் துடைக்க ஒரு பருத்தித் துணி கையில் இருக்கட்டும்.

எடுத்த பின் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இது நூற்றுக்கணக்கான வீடுகளிலும் கடைகளிலும் ஒரு மாதம் தொங்கப் போகின்றது, சம்மதமா? பிள்ளைகளாயின் பெற்றோரைக் கேளுங்கள். தம் முகமோ இருக்கும் இடமோ வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கின்றவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். காரணம் கேட்க வேண்டாம். வேண்டாம் என்றால் வேறு படம். இணையத்தில் கண்ட படங்களை எடுத்துப் போடுவதும் கூடாது. கனடாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், காசு கொடுத்து எடுப்பித்த படமானாலும், வேறு உடன்பாடு இல்லையேல் உரிமை எடுத்தவருக்கே. திருவிழாவுக்குப் பிடித்த படப்பிடிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவாமி படமும் அச்சகமும்

ஒவ்வொரு ஜனவரியிலும் எமது வீடுகளில் ஒரு சங்கடம் நடக்கின்றது. பழைய கலண்டரை என்ன செய்வது? பிள்ளையார் படத்தை நீலப் பெட்டியில் போட மனம் வராது. பன்னிரண்டு தாளையும் கண்ணாடி போட்டு மாட்ட இடமும் இல்லை. அலுமாரிக்கு மேல் பத்து வருடக் கலண்டர்கள் சுருட்டிக் கிடக்கும் வீடுகள் எமக்குத் தெரியும். ஆகையால் எமது எண்ணம் இது: மாதத் தாள்களில் ஆலயமும் அடியார்களும் திருப்பணியும் இருக்கட்டும். சுவாமியின் திருவுருவம் தனித்தாளில், நல்ல தடித்த தாளில், உள்ளே வைத்துக் கொடுக்கப்படட்டும். வேண்டியவர்கள் அதைக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். சுவாமி இல்லாத தாளை நாள்தோறும் எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களின் நியாயமும் எமக்கு விளங்குகின்றது. சபையில் பேசி முடிவு செய்யுங்கள்.

நடுவில் கம்பி அடித்த கலண்டருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அட்டையோடு 28 பக்கம் என்பது வழக்கம். மாதங்களுக்கும் முன் பின் அட்டைகளுக்கும் போக இரண்டு பக்கம் மிஞ்சும். அதில் வருடத் திருவிழா அட்டவணையைப் போடலாம். வெட்டுக்காகப் படம் நாலு புறமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஓரத்தில் முகம் இருந்தால் காது போய்விடும். திரையில் ஒளிரும் படம் தாளில் சற்று இருண்டே வரும். எம்மவர் முகங்கள் கறுத்துப் போவது இதனால்தான், அச்சுக்குக் கொடுக்குமுன் சற்று வெளிச்சமாக்குங்கள். மயில்கழுத்து நீலமும் கடும் சிவப்புச் சேலையும் தாளில் கொஞ்சம் மங்கும், அதற்கு அச்சகத்தாரை ஏசிப் பயனில்லை.

கடைசியாக ஆணித் துளை. படப் பக்கத்தின் மேல்விளிம்பில் நடுவே துளை போடுவார்கள். தேர்க் கலசமோ, தனித்தாளையும் சேர்த்துத் துளைத்தால் சுவாமியின் திருமுடியோ சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கக்கூடும். அச்சகத்தார் தரும் மாதிரிப் பிரதியைத் துளையோடு கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஒரு சுவரில் தொங்கவிட்டு, ஆறடி தள்ளி நின்று பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பாருங்கள். வயதான ஒருவரும், இங்கே பிறந்த ஒருவரும் கூட நிற்கட்டும். அதன் பின்னரே கையெழுத்துப் போடுங்கள்.